வாய்க்கால் வந்தாயிற்று, மடையைத் திறப்பது யார்?

கேள்வி: எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்து, சுவரில் பெட்டியும் மாட்டிவிட்டார்கள். ஆனாலும் சொட்டுநீர் மானியத்துக்குப் பதிவு செய்ய ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இந்த இணையம் யாருக்காக? ஊர்மக்கள் கேட்டுப் பெற வழி உண்டா?
– ஒரு வாசகர், கெலமங்கலம் ஒன்றியம்

பதில்: வழி உண்டு. ஆனால் யாரிடம், எதை, எப்படிக் கேட்பது என்று தெரிந்து கேட்க வேண்டும். அதற்கு முன் அந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது, எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கம்பி வந்த கதை

நாட்டின் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் கண்ணாடி இழை வழியே அதிவேக இணையம் கொடுப்பது என்று மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் முடிவெடுத்தது. அந்தத் திட்டத்துக்குப் பின்னர் 'பாரத்நெட்' என்று பெயர் மாற்றினார்கள். தமிழ்நாட்டில் இதன் இரண்டாம் கட்டத்தை மாநில அரசே எடுத்துச் செய்கிறது. அதற்காகவே 'டான்ஃபிநெட்' எனப்படும் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் 2018-ல் அமைக்கப்பட்டது. மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளும் இத்திட்டத்தில் அடங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 10 ஒன்றியங்களில் உள்ள 333 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் உண்டு. ஒவ்வொரு ஊராட்சிக்கும் குறைந்தது 1 ஜிகாபிட் வேகம் என்பது இலக்கு. கம்பியின் பெரும்பகுதி மின்வாரியக் கம்பங்களின் மேலாகவே போகிறது.

வேலை தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. 2019 இறுதியில் விடப்பட்ட ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் குறித்துப் புகார் எழுந்தது. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை தலையிட்டு, 2020 ஜூனில் அதை ரத்து செய்து மறுபடி ஒப்பந்தம் கோரச் சொன்னது. புதிய ஒப்பந்தங்கள் முடிந்து 2022 ஜூனில்தான் பணி தொடங்கியது. இடைப்பட்ட அந்தக் காலத்தின் பெரும்பகுதி கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தன. ஓசூர் நகரத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வகுப்பைக் கவனித்தார்கள். தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போனார்கள். கோப்பில் ஒரு திட்டம் தாமதமாவதற்கும் ஊரில் அது தாமதமாவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

கன அடிக் கணக்கு

இணைய வேகத்தை விளங்கிக்கொள்ள விவசாயிக்குப் புதிதாகப் படிக்க வேண்டியது எதுவும் இல்லை. அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. மதகு வழியாக விநாடிக்கு எத்தனை கன அடி வெளியேறுகிறது என்பது இன்னொரு கணக்கு. செல்போன் கடைக்காரர் 'ஜிபி' என்று சொல்வது முதல் கணக்கு, அதாவது மொத்த அளவு. 'எம்பிபிஎஸ்' அல்லது மெகாபிட் என்பது இரண்டாவது, அதாவது விநாடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது. ஆயிரம் மெகாபிட் சேர்ந்தால் ஒரு ஜிகாபிட்.

ஒரு விண்ணப்பத்தைப் பதிவு செய்து, பட்டா நகலையும் ஆதாரையும் ஏற்றுவதற்குச் சில மெகாபிட் வேகம் போதும். ஒருவர் முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்கு இரண்டு, மூன்று மெகாபிட் ஆகும். ஊராட்சிக்கு ஒரு ஜிகாபிட் உண்மையிலேயே வந்து சேர்ந்தால், நூறு வீடுகள் ஒரே நேரத்தில் தலைக்குப் பத்து மெகாபிட் எடுத்தாலும் தாங்கும். ஊராட்சி அலுவலகத்தில் ஒரே ஒரு கணினி மட்டும் அதைப் பயன்படுத்துவது, வாய்க்கால் நிறைய தண்ணீரை விட்டு ஒரு பாத்திக்குப் பாய்ச்சுவது போலத்தான்.

கிருஷ்ணகிரி அணையின் இடது, வலது வாய்க்கால்கள் 9,012 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. அந்தப் பரப்பு முழுவதும் விளைவதற்கு அணை மட்டும் காரணம் இல்லை. கிளை வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும், முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும், மடையைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். ஏரிப் பாசன ஊர்களில் இதற்கென்றே நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஒருவரை வைத்து, அறுவடையில் அவருக்கு நெல் அளந்த வழக்கம் உண்டு. கண்ணாடி இழைக்கு அப்படி ஓர் ஆளை இன்னும் எந்த ஊரும் நியமிக்கவில்லை. கெலமங்கலம் வாசகரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பெட்டி ஏன் சும்மா கிடக்கிறது?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர், இடுகாடு ஆகியவை ஊராட்சியின் கட்டாயக் கடமைகள். அந்தப் பட்டியலில் இணையம் இல்லை. இருப்பதற்கும் வழியில்லை, இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியதே அதற்கு அடுத்த ஆண்டு, 1995 ஆகஸ்ட் 15-ல்தான்.

இதன் விளைவை ஊரில் எளிதாகப் பார்க்கலாம். தெருவிளக்கு எரியாவிட்டால் ஊராட்சிச் செயலாளரிடம் கேட்கலாம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டி இயக்குபவரிடம் கேட்கலாம். இணையப் பெட்டியில் விளக்கு அணைந்துகிடந்தால் யாரிடம் கேட்பது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. கம்பி கழகத்துடையது, கம்பம் மின்வாரியத்துடையது, கட்டடம் ஊராட்சியுடையது, மின்கட்டணமும் ஊராட்சியின் தலையில். நான்கு பேர் வீட்டு மாட்டுக்கு யாரும் தண்ணீர் காட்டாத கதை.

பெட்டி வேலை செய்யாமல் போவதற்கான காரணங்களும் சாதாரணமானவைதான். மின்சாரம் நின்று மின்கலமும் தீர்ந்துபோகும். குடிநீர்க் குழாய்க்காகவோ சாலைக்காகவோ பள்ளம் தோண்டும்போது கம்பி அறுந்துபோகும். மரக்கிளை விழும், உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி தொங்கும் கம்பியை இழுத்துவிடும். அலுவலக அறை வாரத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டி அணைந்தால் 'ஏன்' என்று கேட்க ஊரில் ஆள் இருக்காது. கேட்க ஆள் இல்லாத மடை தூர்ந்துதான் போகும்.

விவசாயிக்கு இதில் என்ன நட்டம்?

'செல்போனில் நெட் இருக்கிறதே, கம்பி எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி என்ன விலை, ஓசூர் மலர்ச் சந்தையில் ரோஜாக் கட்டு என்ன விலை என்று கேட்பதற்குச் செல்போனே போதும். 2018-ல் வந்த உழவன் செயலியில் சந்தை விலை, வானிலை, இயந்திர வாடகை ஆகியவற்றைப் பார்ப்பதற்கும் அதுவே போதும், சிக்னல் கிடைக்கும் ஊராக இருந்தால்.

ஆனால் அரசின் சேவைகள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சிறு, குறு விவசாயிக்கு 100 விழுக்காடும், மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைக்கும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இணையத்தில்தான் பதிவு. பிஎம் கிசான் தவணைக்கு ஆதார்வழிச் சரிபார்ப்பு இணையத்தில். 2025-ல் தொடங்கிய விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவும் இணையத்தில். பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று என்று எல்லாமே இப்போது அங்கேதான்.

கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது இன்னும் நேரடியான பிரச்சினை. 2023 ஜனவரி முதல் நூறுநாள் வேலைத் தளங்களில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து, செல்போன் செயலி வழியே வருகையைப் பதிய வேண்டும் என்ற முறை கட்டாயமானது. எடுத்த படம் மேலே ஏறினால்தான் வருகை கணக்கில் சேரும். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் மண் வெட்டிய பெண்ணுக்கு, அன்றைய கூலி பதிவில் ஏறுமா என்ற கவலையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

கர்நாடக எல்லையோரத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டு. எல்லையை ஒட்டிய சில இடங்களில் செல்போன் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அஞ்செட்டி, உரிகம், பெட்டமுகிலாளம் பக்கம் போனால் காடும் மலையும் மறைத்து எந்தக் கோபுரமும் சரியாக எட்டாத இடங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊருக்குக் கம்பிதான் உறுதியான வழி. ஆனால் காப்புக்காட்டின் ஊடாகக் கம்பி கொண்டுபோக வனத்துறை அனுமதி வேண்டும். ஆகவே, இணையம் அதிகம் தேவைப்படும் ஊருக்கே அது கடைசியாகப் போய்ச் சேரும் நிலை.

தளியில் இந்திய–இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த கொய்மலர் சிறப்பு மையம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பசுமைக்குடில் போட்டு ரோஜாவும் குடைமிளகாயும் பயிரிடுவோர் ஏராளம். குடிலின் வெப்பத்தையும் ஈரத்தையும் கருவி வைத்துப் பார்ப்பது, இலையில் கண்ட நோயை நிபுணருக்குக் காணொளியில் காட்டுவது, பெங்களூரு ஹெப்பாலில் உள்ள பன்னாட்டு மலர் ஏல மையத்தின் விலையோடு உள்ளூர் வியாபாரி சொல்லும் விலையை ஒப்பிடுவது எல்லாம் அறுபடாத இணைப்பு இருந்தால்தான் நடக்கும். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஆலைகளுக்கு இதில் குறையில்லை. அதே ஆலைக்கு அடுத்த ஊராட்சியில் இருக்கும் குடில்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

கேரளம் 2023 ஜூன் 5-ல் 'கே-ஃபோன்' என்ற அரசு இணையச் சேவையைத் தொடங்கியது. மாநில மின்வாரியத்தின் கம்பங்கள் மேலேயே கம்பியைக் கொண்டுபோனார்கள். சுமார் 30,000 அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் இணைப்பது, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது என்பது இலக்கு. இணையம் அடிப்படைத் தேவை என்று முதலில் கொள்கையாக அறிவித்துவிட்டு, பிறகு கம்பி இழுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். தமிழ்நாட்டுக்கும் இதில் முன் அனுபவம் உண்டு. 2007-ல் அமைக்கப்பட்ட அரசு கேபிள் டிவி நிறுவனம், ஊர்தோறும் இருந்த கேபிள்காரர்களை வைத்துத்தான் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவின் அனுபவம் ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் பொருத்தமானது. டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்று ஒரு நகரம். அங்கே மின்வாரியம் நகரத்துக்கே சொந்தம். மின்கம்பிகளைக் கண்காணிக்க என்று கண்ணாடி இழை இழுத்த அந்த வாரியம், 2010-ல் தன் மின்சாரம் போகும் பகுதி முழுவதற்கும் ஒரு ஜிகாபிட் இணையத்தையும் சேர்த்துக் கொடுத்தது. பெரிய தனியார் நிறுவனங்களுக்கு முன்பே ஒரு நகரத்தின் வாரியம் அதைச் செய்து காட்டியது. ஆனால் மின்வாரிய எல்லைக்கு வெளியே இணையம் கொடுக்க மாநிலச் சட்டம் அனுமதிக்கவில்லை. எல்லைக்கு அப்பால் இருந்த கிராமத்தார் கேட்டும் பயனில்லை. 2015 பிப்ரவரியில் நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்கி உத்தரவிட்டது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

அதே வழக்கில் சேர்ந்திருந்த இன்னொரு நகரம், வட கரோலினா மாநிலத்தின் வில்சன். அது பக்கத்தில் இருந்த பைன்டாப்ஸ் என்ற, ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூருக்கும் இணைப்புக் கொடுத்திருந்தது. தீர்ப்புக்குப் பிறகு அதையும் துண்டிக்க வேண்டிய நிலை. ஊர்மக்கள் போராடியதன் பேரில் 2017-ல் தனிச் சட்டம் போட்டு, வேறு நிறுவனம் வரும்வரை தொடரலாம் என்றார்கள். அதே 2017-ல் டென்னசி வேறு வழியைத் திறந்தது: விவசாயிகளும் கிராமத்தாரும் உறுப்பினராக இருக்கும் மின் கூட்டுறவுச் சங்கங்கள் இணையச் சேவையும் தரலாம் என்று சட்டம் வந்தது.

ஓசூருக்கும் இந்த எல்லைக் கணக்கு தெரியாதது அல்ல. 2011-ல் மத்திகிரி பேரூராட்சியும் மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி போன்ற ஊராட்சிகளும் ஓசூர் நகராட்சியோடு சேர்ந்தன. 2019-ல் நகராட்சி மாநகராட்சி ஆனது. எல்லைக்கு உள்ளே வந்த ஊருக்கு மாநகராட்சியின் வரியும் வசதியும் சேர்ந்து வந்தன. எல்லைக்கு வெளியே நின்ற ஊர், விவசாயத்தையும் நூறுநாள் வேலையையும் தக்கவைத்துக்கொண்டது, வசதிக்குக் காத்திருக்கிறது. நல்ல இணையம் வேண்டுமானால் மாநகராட்சியோடு சேர்ந்தால்தான் கிடைக்கும் என்ற நிலை வரக் கூடாது. பாரத்நெட் கம்பி ஊராட்சியின் பெயரில்தான் வருகிறது. அதை ஊராட்சியே கேட்டு வாங்கிப் பயன்படுத்தினால் எல்லை ஒரு தடையாக இருக்காது.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. தலைவர் இல்லை என்பதற்காகக் கிராம சபை இல்லை என்று ஆகாது. தனி அலுவலர் காலத்திலும் தீர்மானம் தீர்மானம்தான்.

'எங்கள் ஊருக்கு இணையம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால், 'பரிசீலிக்கப்படும்' என்று பொதுவாகவே பதில் வரும். கீழ்க்கண்டவாறு பிரித்துக் கேட்பது நல்லது.

1. ஊராட்சியில் உள்ள இணைப்பு இன்றைக்கு வேலை செய்கிறதா? வேகம் எவ்வளவு? கூட்டத்திலேயே ஒரு செல்போனை இணைத்து அளந்து, அந்த அளவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.

2. பழுதானால் யாரிடம் புகார் செய்வது? அந்தப் பெயரையும் எண்ணையும் அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

3. பெட்டி இருக்கும் அறையின் சாவி யாரிடம்? அலுவலக நேரத்தில் அறை திறந்திருக்கவும், மின்கலம் வேலை செய்யவும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். ஊரின் இணைய நீர்க்கட்டி என்று அவரை வைத்துக்கொள்ளலாம்.

4. முதலில் எந்தெந்த இடங்களுக்கு இணைப்பு? அரசுப் பள்ளி, அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை, தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம், பால் கூட்டுறவுச் சங்கம் என்று வரிசைப்படுத்தித் தீர்மானம் போடலாம்.

5. ஊர்மக்கள் விண்ணப்பம் பதிய எங்கே போவது? தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பொதுச் சேவை மையமாகவும் இயங்கலாம் என்று 2023 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. ஊரில் உள்ள சங்கம் அதற்கு முன்வருகிறதா என்று செயலாளரிடம் கேட்க வேண்டும்.

6. செலவுக்கு வழி என்ன? பதினைந்தாவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு வகுத்த முறையில், ஊராட்சிக்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டை, சம்பளமும் நிர்வாகச் செலவும் போக, ஊரின் தேவைக்குப் பயன்படுத்த இடம் இருந்தது. எந்த நிதியானாலும், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் வேலை எழுத்தாக ஏறியிருந்தால்தான் கேட்க முடியும்.

தீர்மானம் நிறைவேறியதும் அதன் நகலை வாங்கி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். அதற்கும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில், 'எங்கள் ஊராட்சிக்கு இணைப்பு தரப்பட்ட தேதி, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் இயங்கியது, பராமரிப்பவர் யார்' என்று மூன்றே கேள்வி கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தேநீர்க்கடையும் மகளிர் குழுவும்

எல்லாவற்றையும் அரசே செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'பிஎம் வாணி' திட்டத்தின்படி, பெட்டிக்கடையோ தேநீர்க்கடையோ மகளிர் சுயஉதவிக் குழுவோ ஓர் இணைப்பை வாங்கி, வைஃபை மூலம் சில்லறையாக விற்கலாம். அதற்கு உரிமமோ உரிமக் கட்டணமோ தேவையில்லை. பதிவு பெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துகொள்ள வேண்டும். கடையில் பால் கேனை வைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் பதிவு முடித்துப் போக முடிந்தால், ஓசூர் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

மகளிர் குழு இதை எடுத்து நடத்தினால் இன்னொரு நன்மையும் உண்டு. தெரியாத இடத்தில் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் சொல்லத் தயங்கும் பெண்கள், தெரிந்த குழுவிடம் தைரியமாக வருவார்கள். ஆனாலும் ஒரு எச்சரிக்கை: யார் பதிவு செய்து கொடுத்தாலும் செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணைத் தேவையான அந்த ஒரு பதிவுக்கு மட்டும் சொல்ல வேண்டும். பதிவு முடிந்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகரக் கூடாது.

சொந்த நிலத்தின் வழியே கம்பி போனால்?

சில வாசகர்களுக்கு வேறொரு பயம் உண்டு. கம்பி தங்கள் பட்டா நிலத்தின் வழியே போனால் நிலம் பறிபோய்விடுமோ என்பது அது. இந்த மாவட்டத்தில் உயர் அழுத்த மின்கோபுரங்களும் எரிவாயுக் குழாயும் வயலுக்குள் வந்த அனுபவம் இருப்பதால் பயம் இயல்புதான்.

2023-ன் தொலைத்தொடர்புச் சட்டப்படி, தனியார் நிலத்தில் கம்பி கொண்டுபோக நிறுவனம் முதலில் உரிமையாளரிடம் கேட்டு உடன்பாடு செய்ய வேண்டும். கம்பி போவதால் நிலத்தின் மீது நிறுவனத்துக்கு எந்த உரிமையும் பாத்தியதையும் வராது. பயன்படுத்த மட்டுமே இடம். வேலையின்போது சேதம் ஏற்பட்டால் சரிசெய்து தரவோ இழப்பீடு தரவோ வேண்டும். உடன்பாடு எட்டாதபோது பொதுநலன் கருதி அரசு முடிவெடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே வாய்ச்சொல்லை நம்பிக் கம்பம் நட விடாமல், எந்தச் சர்வே எண்ணில், வரப்பை ஒட்டியா நடுவிலா, எத்தனை அடி ஆழத்தில் என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வரப்பை ஒட்டிப் போனால் உழவுக்கும் இடைஞ்சல் இல்லை, கம்பிக்கும் ஆபத்து குறைவு.

அதேபோல் விவசாயிக்கும் ஒரு கடமை உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக்குக் குழாய் பதிக்கவோ பண்ணைக்குட்டை வெட்டவோ சாலையோரத்தில் ஜேசிபி இறக்குவதற்கு முன், கீழே கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோண்டுவதற்கு முன் தெரிவிப்பதற்கென்றே 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச் 22-ல் கொண்டுவந்தது. பெயர் நீளம்தான், பயன் எளிது. தோண்டும் இடத்தைக் குறித்தால், அங்கே கம்பி வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போய்விடும். ஒரு பள்ளத்தில் அறுந்த கம்பியால் மேலே உள்ள நாலைந்து ஊராட்சிகள் ஒரே நேரத்தில் இருட்டாகலாம். மேல்மடைக்காரர் கரையை வெட்டினால் கடைமடை காய்வது போலத்தான் இதுவும்.

கெலமங்கலம் வாசகர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த கிராம சபைக்கு முன்பே மனுவை எழுதி, பள்ளித் தலைமையாசிரியர், பால் சங்கச் செயலாளர், மகளிர் குழுத் தலைவி ஆகியோரிடம் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். மேலே சொன்ன ஆறு கேள்விகளையும் அதில் வரிசையாக எழுத வேண்டும். கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போக வேண்டும். சொட்டுநீருக்குப் பதிவு செய்வது அவசரமாக இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்: சிட்டா, அடங்கல், புலப்படம், சிறு–குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போனால் அங்கேயே பதிவு செய்து தருவார்கள். கிராம சபைத் தீர்மானம் அடுத்த பருவத்துக்குப் பயன்படும். மானியப் பதிவு இந்தப் பருவத்திலேயே முடிய வேண்டியது.